இரவல் வாணம்

மாங்காட்டில் மொட்டைமாடி உள்ளவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் டி.வி. முன்னால் உட்கார வேண்டியதில்லை. மாடி ஏறி வடக்கே பார்த்து நின்றால் போதும். நேர்க்கோட்டில் அளந்தால் ஏவுதளம் 80 கிலோமீட்டருக்குள்தான். மேகம் இல்லாத இரவாக இருந்தால், ஆவடிப் பக்கத்து விளக்குகளுக்கு மேலே ஓர் ஆரஞ்சுப் பொட்டு கிளம்பும். கொஞ்சம் ஏறும், சாயும், மங்கும். சத்தம் எதுவும் வந்து சேராது. பக்கத்து மாடிப் பையன் போனில் நேரலை வைத்திருப்பான். போன் எப்போதும் சில விநாடி பின்தங்கி ஓடும். வானத்தில் ராக்கெட் பாதி தூரம் போன பிறகுதான் அதில் கவுண்டவுன் முடியும்.

போன தடவை அப்படி நின்றபோது எதிர் வீட்டு அம்மா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். “ராக்கெட் போவுதும்மா” என்றேன். “எப்பவும் விடறதுதானே” என்று சொல்லிவிட்டு, ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிளிப்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். பழக்கம். பஸ் போவதைப் போல ராக்கெட் போகிற ஊரில் குடியிருக்கிறோம்.

ஆனால் இந்த நாட்டின் மண்ணிலிருந்து முதன்முதலாக விண்வெளி ஆய்வுக்குக் கிளம்பிய ராக்கெட் ஒன்று உண்டல்லவா? அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் நைக்-அப்பாச்சி. 1963 நவம்பர் 21 மாலை 6.25-க்குக் கிளம்பியது. அடுத்த ஏழு நிமிடம் போல அதற்கு ஆயுள். நாம் அதை ஞாபகம் வைத்திருக்கும் விதத்தில் பாதி தப்பு.

முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு முனையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் சுற்றும். ‘இந்தியாவின் முதல் ராக்கெட்’ என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படம் 1966-ல் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் தும்பாவுக்கு வந்து எடுத்தது. முதல் ராக்கெட் அப்போது கடலுக்கடியில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிய படமும் கூடவே வரும். அது ராக்கெட்டே இல்லை, ‘ஆப்பிள்’ என்ற செயற்கைக்கோள். 1981-ல் எடுத்தது. வண்டி வாங்கக் காசில்லாமல் மாட்டைப் பூட்டவில்லை. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது இரும்பு லாரி கிட்டே இருந்தால் அளவு கெடும், கட்டை வண்டி என்றால் கெடாது என்பதற்காகப் பூட்டியது. ஏழ்மையைக் காட்டிப் பெருமைப்படுவதில் நமக்கு ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசியில், நிஜமாக நடந்த நல்ல சமாசாரம் ஒன்று கண்ணில் படாமல் போய்விடுகிறது.

நிஜக் கதை, கழற்றிய பழைய சாமான்கள் குவிந்து கிடக்கும் புதுப்பேட்டை மாதிரி ஓர் இடத்தில் தொடங்குகிறது. நம் புதுப்பேட்டை இல்லை, அமெரிக்காவின் புதுப்பேட்டை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு ஒரு பயம் பிடித்தது. சோவியத் குண்டு விமானங்கள் நம் நகரங்களுக்கு மேலே வந்துவிட்டால்? தரையிலிருந்தே விமானத்தை அடித்து வீழ்த்தும் ஏவுகணை ஒன்றைச் செய்தார்கள். நைக் அஜாக்ஸ் என்று பெயர். நைக் என்பது கிரேக்கர்களின் வெற்றித் தெய்வம். செருப்புக் கம்பெனி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது பிற்பாடு. 1954 முதல் அமெரிக்க நகரங்களைச் சுற்றி இந்த ஏவுகணைகளைக் காவலுக்கு நிறுத்தினார்கள். ஏவுகணையின் அடியில் உந்தித் தள்ள ஒரு தடித்த இரும்புக் குழாய் இருக்கும். உள்ளே திட எரிபொருள். நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த, கார்டைட் வெடிமருந்துக்குச் சொந்தக்கார வகை. மூன்றரை விநாடிதான் எரியும். அந்த மூன்றரை விநாடியில் தன் வேலையை முடித்துக்கொண்டு கழன்று விழுந்துவிடும்.

சோவியத் விமானம் ஒன்றும் வரவில்லை. 1958-ல் நைக் ஹெர்குலிஸ் என்ற புது ஏவுகணை வந்தது. பழைய அஜாக்ஸை ஒவ்வோர் இடமாகக் கழற்றினார்கள். அடிக்குழாய்கள் கிடங்கில் மிச்சமாயின. எதையும் வீணாக்காத விஞ்ஞானிகள் எந்த ஊரிலும் உண்டு. இந்தக் குழாய்மேல் ஏற்கெனவே ஓர் ஒல்லியான இரண்டாம் ராக்கெட்டைச் செருகிப் பார்த்திருந்தார்கள். முதலில் செருகியது ‘கேஜன்’. அதைவிடக் கொஞ்சம் வலுவாகச் செய்தது ‘அப்பாச்சி’. அது 1961-ல் வந்தது. நைக் குழாயின் விட்டம் 42 சென்டிமீட்டர், அப்பாச்சியின் விட்டம் பதினாறரை சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை சுமார் 700 கிலோ. தூரத்திலிருந்து பார்த்தால் தடித்த கைப்பிடியில் செருகிய ஊசி மாதிரி இருக்கும். 40, 50 கிலோ கருவியை 200 கிலோமீட்டர் உயரம்வரை கொண்டுபோகும். அங்கே சுற்றிவரத் தெம்பு கிடையாது. மேலே போய், எட்டிப் பார்த்து, கீழே விழுந்துவிடும்.

எட்டிப் பார்ப்பதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். மீனம்பாக்கத்தில் வானிலைக்காரர்கள் தினம் விடிகாலையிலும் சாயங்காலமும் பலூன் விடுவார்கள். சின்ன வயதில் எங்கள் பக்கம் வயலில் சில சமயம் அது விழுந்து கிடக்கும். கிழிந்த ரப்பரும், நூல் கட்டிய ஒரு வெள்ளைப் பெட்டியும். குண்டு என்று பயந்து பெரியவர்கள் எங்களைக் கிட்டே விட மாட்டார்கள். அந்தப் பலூன் 30 கிலோமீட்டர் போல ஏறும். அதற்கு மேலே காற்று மெலிந்து, பலூன் ஊதி வெடித்துவிடும். செயற்கைக்கோளோ 200 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் காற்று இழுத்து எரித்துவிடும். பலூனுக்கு எட்டாத, செயற்கைக்கோள் தங்க முடியாத இந்த நடுச் சந்துக்குள் போய்வர ஒரே வழி, ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு விழுகிற ராக்கெட்தான். ஆய்வு ராக்கெட் என்று இதைத்தான் சொல்கிறோம்.

அந்தச் சந்தில் நமக்கும் சொந்தமான ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. பூமியின் காந்தப்புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. திசைகாட்டி ஊசி மேலும் சாயாமல் கீழும் சாயாமல் படுத்திருக்கும் கோடு. அந்தக் கோட்டை ஒட்டி, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. பெரு நாட்டில் அதன் தடயத்தைப் பார்த்தார்கள். நம் கொடைக்கானல் ஆய்வகத்துக் காந்தமானியும் அதன் ஆட்டத்தைப் பதிந்துகொண்டே இருந்தது. தரையில் இருந்துகொண்டு நிழலை அளக்கிற கதைதான் அது. நேரே உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கோட்டின்மேல், கடலோரமாக, ராக்கெட் விட ஓர் இடம் வேண்டும். அமெரிக்காவிடமும் சோவியத்திடமும் ராக்கெட் ஏராளமாக இருந்தது. அந்தக் கோடு அவர்கள் மண்ணில் ஓடவில்லை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஓடியது.

விஞ்ஞானி விக்ரம் சாராபாய் இதைப் பிடித்துக்கொண்டார். 1962-ல் இந்திய தேசிய விண்வெளி ஆய்வுக் குழு உண்டாயிற்று. அணு விஞ்ஞானி ஹோமி பாபா பின்னால் நின்றார். தும்பா என்ற மீனவ ஊர் தேர்வாயிற்று. அங்கே ஒரு புனித மகதலேன் மரியாள் கோயில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா மக்களிடம் பேசிச் சம்மதம் வாங்கிய கதையை அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அழகான கதைதான். எழுந்து வேறு இடத்துக்குப் போன குடும்பங்கள் அந்த ஞாயிறை எப்படி ஞாபகம் வைத்திருந்தன என்பதை யாரும் மேடையேறிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலும் தொழிற்பேட்டைக்கும் பைபாஸுக்கும் நிலம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதை திறப்பு விழாவில் ஒரு மாதிரி இருக்கும், திண்ணையில் வேறு மாதிரி இருக்கும்.

ஆக, சரக்கு சேர்ந்த விதத்தைப் பாருங்கள். ராக்கெட் அமெரிக்காவின் நாசா கொடுத்தது. ஏவும் தாங்கியும் அவர்களுடையது. முனையில் வைக்கிற கருவி பிரான்ஸ் கொடுத்தது, ஜாக் பிளாமோன் என்ற விஞ்ஞானியின் பொறுப்பில். பின்னாளில் சோவியத்திலிருந்து ஹெலிகாப்டரும் மின்ஸ்க் கம்ப்யூட்டரும் வந்தன. கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகம் தலைதப்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகளும் ஒரே தென்னந்தோப்புக்குத் தட்டுமுட்டுச் சாமான் அனுப்பின. ராக்கெட்டைப் பொருத்துகிற பட்டறை, கோயில் கட்டடம். ஆயர் வீடு அலுவலகம். கோயிலுக்குள் புறாக்கள் வேறு. சுருக்கமாகச் சொன்னால் எல்லாமே இரவல்.

மனிதர்கள் மட்டும் இரவல் இல்லை. அவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்துப் பையன்கள்.

மாங்காட்டிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போய், ஜி.எஸ்.டி. சாலையில் வலக்கைப் பக்கம் திரும்பினால் குரோம்பேட்டை. அங்கே சி. ராஜம் 1949-ல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. ஊர் வாயில் எம்.ஐ.டி. மற்ற பொறியியல் கல்லூரிகள் சிவில், மெக்கானிக்கல் என்று இருந்த காலத்தில் இங்கே விமானவியலும் எலெக்ட்ரானிக்ஸும் சொல்லிக்கொடுத்தார்கள். படை வேலை முடிந்து ஓரங்கட்டிய இரண்டு விமானங்களை வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தில் கலாம் எழுதியிருக்கிறார். அவர் விமானவியல் மாணவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு டிராம்பே அணுசக்தித் துறைக்குப் போனவர் ஆர். அரவமுதன். இரண்டு பேரும் தும்பாவில் சேர்ந்தார்கள். கூட இருந்த ஈஸ்வரதாஸ் ராக்கெட்டைப் பூட்டும் வேலையைப் பார்த்தார். அரவமுதனுக்கு ரேடார், டெலிமெட்ரி. கலாமுக்கு ராக்கெட் ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும். திருவனந்தபுரத்தில் லாட்ஜ் வாசம், ரயில்வே ஸ்டேஷன் சாப்பாடு.

இவர்களை முன்கூட்டியே நாசாவுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். வர்ஜீனியாவில் வாலப்ஸ் தீவு என்று ஒரு கடற்கரை ஏவுதளம். தும்பாவுக்கு அதுதான் மாதிரி. அங்கே வரவேற்பறைச் சுவரில் கலாம் ஓர் ஓவியத்தைப் பார்த்தார். போர்க்களம், பின்னணியில் பறக்கும் ராக்கெட்டுகள். விடுகிற கைகள் மாநிறக் கைகள். திப்பு சுல்தானின் படை வெள்ளைக்காரர்களை எதிர்க்கிற காட்சி. சொந்த ஊரில் மறந்துபோனதை அமெரிக்காக்காரன் சுவரில் மாட்டியிருக்கிறானே என்று அவருக்கு ஆச்சரியம்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புள்ளலூர்தான் ஞாபகம் வரும். இங்கிருந்து காஞ்சிபுரம் பக்கமாகப் போனால் வருகிற ஊர். மகேந்திர பல்லவன் காலத்திலேயே போர் பார்த்த மண். 1780 செப்டம்பர் 10-ம் தேதி கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் அங்கே சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். அதற்கு முன்னால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பெய்லி அக்கரையில் பல நாள் தவித்துக் கிடந்தார். எங்கள் வட்டாரத்து ஆறு செய்த உபகாரம் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மைசூர்க்காரர்களின் வாணத்துக்கு மருந்துக்குழாய் இரும்பு. ஐரோப்பாவில் அப்போது அட்டைக் குழாய்தான். இரும்பு என்பதால் உள்ளே மருந்தை இறுக்கி அடைக்கலாம், தூரம் போகும். ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் விழுந்த பிறகு அந்த வாணங்கள் லண்டன் பக்கம் வுல்விச்சுக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்து ஆங்கிலேய ராக்கெட்டைச் செய்தார். ஆக, 1963-ல் இரும்புக் குழாய்க்குள் மருந்து அடைத்த வாணம் ஒன்று அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்தபோது, அதை முழுக்க இரவல் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

இனி அந்த மாலைக்கு வருவோம்.

நவம்பர் 21 என்றால் எங்கள் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா மாட்டார்களா என்று பேசிக்கொண்டிருக்கிற நேரம். வடகிழக்குப் பருவமழை. தென்கோடியிலும் அதே மழைதான். இந்தச் சோதனைக்கோ வானம் தெளிவாக வேண்டும், அதுவும் ஓரிடத்தில் இல்லை, பல ஊர்களில் ஒரே சமயத்தில். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோயிலுக்குள் பூட்டிய ராக்கெட்டை லாரியில் ஏற்றி ஏவுமேடைக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கி வைக்கக் கையால் இயக்குகிற ஒரு ஹைட்ராலிக் கிரேன். தூக்கியாயிற்று. தாங்கியில் உட்கார வைக்கப் போகிற நேரத்தில் ராக்கெட் மெதுவாகச் சாய ஆரம்பித்தது. கிரேனில் எண்ணெய்க் கசிவு.

இந்த இடத்தைப் படித்த அன்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. பூந்தமல்லி பைபாஸ் ஓரத்தில் லாரிகளுக்கும் ஜே.சி.பி.க்கும் ஹைட்ராலிக் வேலை செய்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டேன். மடியில் ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு அதன் தண்டிலிருந்து வளையம் ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார். கறுப்பு ரப்பர் வளையம், வளையல் அளவு. விளிம்பில் ஓரிடத்தில் நகம் கிழித்த மாதிரி ஒரு கீறல்.

“இவ்ளோதான் சார். ஆயில் சீல். இது போச்சுன்னா உள்ள பிரஷர் நிக்காது. தூக்குறப்ப தூக்கிரும். நிறுத்தினீங்கன்னா மெதுவா எறங்கும். படக்குன்னு விழாது. பாத்துட்டே இருக்கறப்பவே படுத்துக்கும்.”

“அப்ப என்ன பண்ணணும்?”

“வெயிட்ட எறக்கிட்டு, பிரிச்சு, சீல் மாத்தணும். அரை நாள் வேலை.”

“அரை நாள் இல்லன்னா?”

“அப்புறம் என்ன சார், நாலு ஆள் புடிக்க வேண்டியதுதான்.”

தும்பாவிலும் அதைத்தான் செய்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு அந்தி நேரம் தவறினால் அந்த நாளே போச்சு. கிரேனைப் பிரிக்க நேரமில்லை. கசிவு பெரிதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். எல்லோருமாகச் சேர்ந்து கைகொடுத்துத் தூக்கி ராக்கெட்டைத் தாங்கியில் வைத்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான கிலோ வெடிமருந்து வகையறா இருக்கிற இரும்புக் குழாய் அது. அமெரிக்காவில் படித்துவந்த பாதுகாப்பு விதிமுறைகளில் இப்படி ஒரு பாடம் இருந்திருக்காது. தேர் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் நம் ஊரில் என்ன செய்வோமோ அதுதான். அதோடு விடவில்லை. ஏவும் தாங்கியைத் தூரத்திலிருந்து இயக்கும் அமைப்பும் மக்கர் செய்தது. அதையும் சமாளித்தார்கள்.

கசிகிற கிரேனுக்கு முன்னால் இப்படி முட்டுக்கொடுத்து நிற்கிற அந்த நிமிடத்துக்குப் படம் கிடையாது. அதனால்தான் சைக்கிள் படம் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

6.25. நைக் குழாய் மூன்றரை விநாடி எரிந்தது. எந்தச் சோவியத் விமானத்தையும் பார்க்காமலே கிடங்கேறிய அதே வகைக் குழாய், எதற்காகப் பிறந்ததோ அந்த ஒரே வேலையை அரபிக்கடல் ஓரத்தில் செய்துவிட்டுக் கழன்று கடலில் விழுந்தது. அப்பாச்சி கொஞ்ச நேரம் எரியாமல் சும்மா ஏறியது. அடர்ந்த காற்றுக்குள் வேகம் எடுத்தால் வீண் என்பதற்காகச் செய்திருந்த ஏற்பாடு. புறப்பட்டு 20 விநாடி போல ஆனதும் பற்றிக்கொண்டு, ஆறு விநாடிக்கு மேல் எரிந்து அணைந்தது. மீதி ஏற்றம் எல்லாம் கல்லெறிந்த வேகத்தில்தான்.

இப்போது பிரெஞ்சுக் கருவியின் முறை. அதற்குள் சோடியம்.

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தணல் சட்டென்று மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். உப்பில் இருக்கிற சோடியம் செய்கிற வேலை அது. எல்.இ.டி. வருவதற்கு முன்னால் எங்கள் பெருஞ்சாலையில் ஆரஞ்சு மஞ்சளாக எரிந்த தெருவிளக்குகளும் சோடியம்தான். வானத்தில் அதை எரியவைக்க வேண்டியதுகூட இல்லை. ஆவியாக்கி வெளியே விட்டால் போதும், சூரிய வெளிச்சம் பட்டதும் அதே மஞ்சளில் ஒளிரும். ஆனால் ஒரு நிபந்தனை. மேலே வெயில் இருக்க வேண்டும், கீழே இருட்ட வேண்டும். பகலில் விட்டால் வானத்து வெளிச்சத்தில் தெரியாது. நடு இரவில் விட்டால் மேலேயும் வெயில் இல்லை. சூரியன் நமக்கு மறைந்து, 100, 200 கிலோமீட்டர் உயரத்துக்கு இன்னும் மறையாமல் இருக்கிற கொஞ்ச நேரம்தான் இதற்கு வாய்ப்பு. கிரேன் பக்கத்தில் அத்தனை பதற்றத்துக்குக் காரணம் இதுதான்.

தெற்கு வானத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கோடு விழுந்தது. ஊசியால் இழுத்த நேர்க்கோடு, கண்ணெதிரே நெளிய ஆரம்பித்தது. கீழ்ப்பகுதி ஒரு பக்கம், நடுப்பகுதி எதிர்ப்பக்கம், மேலே இன்னொரு பக்கம். ஈரத் தரையில் போட்ட கோலமாவு போலக் கரைந்து அகன்றது. அந்த நெளிவுதான் சோதனையின் முழு விளைவும். காற்றே இல்லாத மாதிரி மெலிந்த அந்த உயரத்தில் எந்தக் காற்று எந்தத் திசைக்கு எந்த வேகத்தில் வீசுகிறது என்பதை மேகமே எழுதிக் காட்டியது. அதைப் படமெடுக்கத்தான் பாளையங்கோட்டை, கன்னியாகுமரி, கொடைக்கானல், கொட்டாரக்கரை என்று பல ஊர்களில் கேமராக்களை நிறுத்தியிருந்தார்கள். ஓர் ஊரிலிருந்து எடுத்த படத்தில் மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. இரண்டு மூன்று ஊர்ப் படங்களைச் சேர்த்து வைத்து, பின்னால் தெரிகிற நட்சத்திரங்களை அடையாளம் வைத்துக் கோணம் அளந்தால் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முடியாது, அந்தக் கணக்கு.

கேரளச் சட்டசபை அன்று கூட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தது என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பாளையங்கோட்டையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முற்றத்தில் நின்ற யாரோ ஒருவரை நினைத்துப் பார்க்கத்தான் பிடிக்கிறது. ராக்கெட் என்று சொல்ல அவருக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மேற்கே சூரியன் போன பிறகு வானத்தில் ஒரு மஞ்சள் கீற்று வளைந்து வளைந்து போகிறது. உள்ளே போய் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு வருவதற்குள் பாதி கலைந்திருக்கும்.

அப்பாச்சி உச்சிக்குப் போய்த் திரும்பி, மேகம் கலைந்து முடிவதற்கு முன்பே கடலில் விழுந்துவிட்டது.

அதே வாரம் நவம்பர் 16-ல் கென்னடி கேப் கனாவரல் போய், ஏவுமேடையில் நின்ற சேட்டர்ன் ராக்கெட்டைப் பார்த்தார். அது சுமார் 50 மீட்டர் உயரம். தும்பாவில் கையால் தூக்கியது எட்டு மீட்டர். இரண்டும் ஒரே வாரத்து விண்வெளி யுகம்தான். நம் கணக்கில் 22-ம் தேதி நள்ளிரவு டல்லாஸில் கென்னடியைச் சுட்டார்கள். தும்பாவுக்கும் டல்லாஸுக்கும் நடுவில் ஒரே ஒரு காலைப் பொழுது. 23-ம் தேதி பேப்பரில் வேறு எதற்கும் யாருக்கும் கண் போயிருக்காது.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடம் கழித்து, 1967 நவம்பர் 20-ல், ரோகிணி-75 என்ற நம் சொந்த ராக்கெட் தும்பாவில் கிளம்பியது. 75 மில்லிமீட்டர் விட்டம், நைக் குழாயின் குறுக்கே ஐந்தை வரிசையாக வைத்துவிடலாம். அதற்கு எரிபொருள் நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையிலிருந்து போனது. வெள்ளைக்காரன் துப்பாக்கித் தோட்டாவுக்காகக் கட்டிய தொழிற்சாலை. 1968-ல் இந்திரா காந்தி தும்பாவை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார். 1971-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ராக்கெட் ஏறியது, எங்கள் மாடிகளுக்கு வேடிக்கை கிடைத்தது. கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம்.

இந்தக் கதை முழுவதையும் அந்தப் பூந்தமல்லி மெக்கானிக்கிடம் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னேன். கோயில், சாமான் வந்த விதம், சாய்ந்த ராக்கெட், தூக்கிய கைகள், மஞ்சள் மேகம் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கிளாஸை வைத்துவிட்டுக் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார்.

“எல்லாம் சரி சார். அந்தக் கிரேனுக்கு அப்புறம் சீல் மாத்தினாங்களா?”

என்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்ததும், தலையை ஆட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார்.